தியான் அண்ணன் பார்க்கப் போன ஒட்டகம்

பாய் ஃபெங்ச்சின் அக்காவைப் பற்றி எழுதுகிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை. சொன்னால், "எதுக்கு? யாரு எழுதச் சொன்னா?" என்று என்னைக் குடைந்தெடுத்துவிடுவாள்.

சியான் நகரின் கிழக்கே இருந்த மில்லில் நான் தறி ஓட்டினேன். அவள் துணி பரிசோதிக்கும் பகுதியில் இருந்தாள். விளக்குமேடையில் துணி ஓடிக்கொண்டே இருக்கும். அறுந்த இழை, எண்ணெய்க் கறை, நெசவுப் பிசகு எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. வருடக்கணக்கில் குற்றம் தேடுவதற்கே சம்பளம் வாங்கியவள். ஓய்வு பெற்ற பிறகு துணி போய்விட்டது, கண் மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

பால் பாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். தர்பூசணியைத் தட்டி, முகர்ந்து, வெட்டி, முதல் துண்டைப் புருஷன் தியான் அண்ணன் வாயில் வைப்பாள். அவர் மென்று விழுங்கிச் சற்று நேரம் உயிரோடு இருந்தால்தான் தன் துண்டை எடுப்பாள். இருவருக்கும் ஒரே இரத்தக் கொதிப்பு மாத்திரை. மருந்துப் பெட்டியின் நிறம் கொஞ்சம் மாறியிருந்தாலும் அவர்தான் முதலில் விழுங்க வேண்டும். போன வருடம் ஷென்ஜெனில் மகன் வீட்டுக்குப் போனவள், மருமகள் வைத்த கஞ்சியை நம்பாமல், ஓடு உடையாத அவித்த முட்டையை மட்டும் தின்று, ஒரு வாரத்தில் மெலிந்து திரும்பினாள். தியான் அண்ணனுக்கு அந்த முறை பல் பிடுங்கியிருந்ததால் கூடப் போக முடியவில்லை. போயிருந்தால் அவள் கஞ்சி குடித்திருப்பாள்.

தியான் அண்ணன் எங்கள் மில்லில் கட்சிக் கிளைச் செயலாளராக இருந்தவர். நல்ல மனிதர்தான், ஆனால் பெண்கள் விடுதியில் நாங்கள் அலமாரிக்குள் ஒளித்து வைத்திருந்த பீங்கான் சாமிச் சிலைகளை ஒன்றுவிடாமல் எடுத்துப் போனவரும் அவர்தான். "தறி ஓடறது சாமியால இல்ல, கரண்டால" என்று பிரசங்கம் வேறு. அக்காவின் அம்மா இறந்தபோது, போனவளுக்கு அந்தப் பக்கத்துச் செலவுக்கென்று தெருமுனையில் காகிதக் காசு எரிக்கக் கூடாது என்று தடுத்துவிட்டார். அதை ஃபெங்ச்சின் அக்கா இன்றுவரை மறக்கவில்லை.

முதியோர் அட்டை வந்ததும் அவருக்கு ஊர் சுற்றும் பைத்தியம் பிடித்தது. அட்டையைக் காட்டினால் அருங்காட்சியகம், கோட்டை மதில், புத்தர் கோபுரம் எல்லாமே இலவசம். காலையில் தேநீர்க் குடுவையோடு கிளம்பினால் மதியத்துக்கு மேல்தான் திரும்புவார். அக்காவையும் கூப்பிட்டுப் பார்த்தார்.

"சும்மா காட்டறவன் சும்மாவா காட்டுவான்?" என்று அவள் போகவில்லை. பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறாள், மணிக்கோபுரத்தைப் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. நான் மட்டும் என்ன, அதே கதைதான்.

குளிர்காலத்தில் ஒரு நாள் அவர் போட்டுக்கொள்ளும் கம்பளிக் கோட்டு ஒன்றை அக்கா என் மூக்கருகே கொண்டுவந்து நீட்டினாள்.

"மோந்து பாரு."

"என்னக்கா?"

"சந்தன சென்ட்டு. மியூசியத்துல சென்ட்டு போட்டுக்கிட்டு நிக்குதா சாமானெல்லாம்?"

எனக்கு அது ஊதுபத்தி மாதிரிதான் தெரிந்தது. ஆனால் தியான் அண்ணனையும் ஊதுபத்தியையும் சேர்த்து நினைக்க எங்கள் மில்லில் வேலை பார்த்த யாராலும் முடியாது. வாயை மூடிக்கொண்டேன்.

"இன்னிக்கு என்ன பாத்தன்னு கேட்டா, ஒட்டகம்ங்கறாரு. மூணு கலர் மண் ஒட்டகம். போன தடவையும் ஒட்டகம்தான். ஒரே ஒட்டகத்த எத்தன தடவ பாப்பான் ஒரு மனுசன்? இந்தத் திங்கக்கிழமையும் போயி அதத்தான் பாத்தாராம்."

இங்கேதான் என் நாக்கு சும்மா இருக்கவில்லை. "திங்கக்கிழமை மியூசியம் பூட்டியிருக்குமேக்கா."

அவள் கோட்டை மெதுவாக மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். முகத்தில் கோபம்கூட இல்லை. அதைப் பார்த்துத்தான் நான் பயந்தேன்.

"பொம்பள விசயம்னு மட்டும் தெரிஞ்சுதுன்னா, பையனோட போய் இருந்துக்குவேன். திரும்ப வர மாட்டேன். பையெல்லாம் கட்டி வெச்சாச்சு."

முட்டை ஞாபகம் வந்தது எனக்கு. அங்கே போனால் இவள் பிழைக்க மாட்டாள். ஆனால் சொன்னதைச் செய்கிறவள். அதனால்தான், பின்தொடர்ந்து போக வேண்டும், நீயும் வா என்று அவள் சொன்னபோது மறுக்காமல் கிளம்பினேன். தனியாக விட்டால் யாரையாவது அடித்துவிடுவாள்.

முதலில் பெரிய அருங்காட்சியகம். அவர் முன்னே, நாங்கள் ஒரு பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் பின்னே. ஒட்டகம் உண்மையிலேயே இருந்தது. அதற்கு முன்னால் நின்று அவர் சாவகாசமாகப் பார்த்தார். அக்கா தூணுக்குப் பின்னாலிருந்து அவர் முதுகைப் பார்த்தாள். ஆயிரம் வருடத்து மண்பாண்டங்கள் சுற்றிலும் இருந்தன, அவள் ஒன்றையும் பார்க்கவில்லை. நடுவில் ஒரு தடவை மட்டும் என் காதில், "எல்லாம் நகலுதான். அசல உள்ள பூட்டி வெச்சிருப்பானுங்க" என்றாள்.

ஊதா நிறத் தொப்பி போட்ட ஒருத்தி அவரிடம் கைபேசியை நீட்டினாள். அக்காவின் கை என் முழங்கையை நசுக்கியது. அவர் அவளைப் படம் எடுத்துக் கொடுத்தார். அவள் நன்றி சொல்லிவிட்டுத் தன் கணவனோடு போனாள்.

"தெரியாத மாதிரி நடிக்கறாங்க" என்றாள் அக்கா.

"அவ புருசன் கூடவே நிக்கறானேக்கா."

"அவன் ஏமாளியா இருப்பான்."

அடுத்து கல்வெட்டுக் கூடம். அவர் கல் கல்லாக நின்று படித்தார், எங்களுக்குக் கால் கடுத்தது. பிறகொரு நாள் கோட்டை மதில்மேல் எதிர்காற்றில் நடந்தோம். அவர் தேநீர் குடித்தார், கீழே சீட்டாடுகிறவர்களை வேடிக்கை பார்த்தார், வீட்டுக்குப் போனார். கோட்டில் சென்ட் வாசனை இல்லை. அக்கா நிம்மதி அடையவில்லை. குற்றம் கிடைக்காத துணியைத்தான் அவள் இரண்டாம் தடவை ஓட்டிப் பார்ப்பாள்.

சந்திர மாதத்தின் முதல் நாள் காலை. அவர் வழக்கமான பேருந்தில் ஏறவில்லை. கிழக்கு வாசலுக்கு வெளியே பழைய சந்து ஒன்றுக்குள் திரும்பினார். இரண்டு பக்கமும் ஊதுபத்திக் கடைகள். மாதத்தின் முதல் நாள் சாமி கும்பிட விசேஷம் என்பதால் சந்தின் கோடியில் இருந்த கோயிலில் நல்ல கூட்டம். வாசலில் நின்று அவர் இடமும் வலமும் பார்த்த பார்வை இருக்கிறதே, திருடன் தோற்றான்.

"இங்கதான் வரச் சொல்லியிருக்கா" என்று அக்கா முணுமுணுத்தாள்.

உயரமான வாசற்படி. அதை மிதிக்கக் கூடாது, தாண்டத்தான் வேண்டும். அக்காவின் மூட்டுக்கு அது பெரிய மலை. என் தோளைப் பிடித்து ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்தாள். உள்ளே பத்திப் புகை கண்ணைக் கரித்தது. சாமி மண்டபத்துக்கு வெளியே சிவப்பு மெழுகுவர்த்திகள் ஏற்றிய இரும்புச் சட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கினோம்.

தியான் அண்ணன் தொப்பியைக் கழற்றினார். சாமிக்கு முன்னால் போட்டிருந்த சிறு மெத்தையில் முழங்காலிட்டார். எங்கள் அலமாரிகளைக் காலி செய்த அதே தியான் அண்ணன்.

எனக்கு வாய் பிளந்துவிட்டது. அக்கா மட்டும், "யாருக்காகக் காத்திருக்காரு?" என்றாள்.

எங்கள் மில்காரர்களுக்கு ஒரு குறை உண்டு. தறிச் சத்தத்தில் காது மந்தமாகி, எங்கள் ரகசியம் மற்றவர்களுக்கு அறிவிப்பாகிவிடும். அவர் சாமியின் காதில் சொன்னது மண்டபம் முழுக்கக் கேட்டது.

"என் பேரக் கேக்காதீங்க, நான் கட்சிக்காரன். இது பாய் ஃபெங்ச்சின் பேர்ல. ஆட்டு வருசத்துல பொறந்தவ. மில் குடியிருப்பு, ஒம்போதாம் கட்டடம், மூணாம் மாடி." பேரும் விலாசமும் சொல்லாவிட்டால் சாமி வீட்டைத் தேடி அலையும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். அவருக்கு எப்போது தெரிந்தது என்றுதான் எனக்குப் புரியவில்லை. "எப்பவும் கேக்கறதுதான். எனக்கு முன்னாடி அவளக் கூட்டிக்கிட்டுப் போயிடுங்க."

நான் பிடிப்பதற்குள் அக்கா அவர் முன்னால் போய் நின்றுவிட்டாள்.

"யாரு அவ?"

அவர் முழங்காலில் இருந்தபடியே அண்ணாந்து பார்த்தார். "எவ?"

"என்னை அனுப்பிட்டு அப்புறமா நீ வீட்டுக்குக் கொண்டுவரப் போறவ. என் பேர்லயே வேண்டிக்கறியே, எனக்கே சாவு கேக்கறியே, உனக்கு வெக்கமா இல்ல?"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் பத்தியைக் கையில் வைத்துக்கொண்டு காது கொடுத்துக் கேட்டார்கள். எனக்கு மானம் போயிற்று. அவரோ தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு, மெதுவாகப் பேசுவதாக நினைத்து உரக்கச் சொன்னார்.

"நான் முன்னாடி போயிட்டா நீ யாரு கையால சாப்பிடுவ?"

அவர் அதோடு நிறுத்தவில்லை.

"மருமக கஞ்சி வெச்சா குடிக்க மாட்ட. நர்ஸ் மாத்திர குடுத்தா துப்பிடுவ. தர்பூசணி வெட்டுனா மொத துண்ட யாரு வாயில வெப்ப? பட்டினி கெடந்தே செத்துப் போயிடுவ, ஃபெங்ச்சின். நீ ராத்திரி தூங்கறப்ப இதத்தான் நெனச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன். டாக்டர்கிட்ட கேக்கற விசயமா இது? பழைய கட்சி ஆளுங்ககிட்ட சொல்ல முடியுமா? வேற எங்க போயிக் கேப்பேன்?"

யாரோ ஒரு கிழவி வரிசையில் மூக்கைச் சிந்தினாள். எனக்கும் கண் கலங்கியது. இப்படியொரு வேண்டுதலை நான் கேட்டதே இல்லை. என் வீட்டுக்காரர் இருந்தவரை எனக்காக ஒரு பத்திகூடக் கொளுத்தியதில்லை என்ற பொறாமையும் கூடவே வந்தது.

அக்கா வெகுநேரம் அவரையே பார்த்தாள். துணியின் ஓரம் முதல் ஓரம் வரை கண் ஓடுமே, அந்தப் பார்வை. எங்காவது ஓர் இழை பிசகியிருக்கிறதா என்று தேடினாள். கடைசியில் கண்டுபிடித்துவிட்டாள்.

"ஒம்போதாம் கட்டடத்த இடிச்சு எத்தன வருசம் ஆவுது?"

அவர் திருதிருவென்று விழித்தார். "புது விலாசம் வாயில வர மாட்டேங்குது."

"அப்ப இத்தன நாளா சாமி அந்தக் காலி மனைக்குத்தான் போயிட்டு வந்துச்சா?"

அவரை நகரச் சொன்னாள். என் கையைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு அந்த மெத்தையில் முழங்காலிட்டாள். தன் பேரைச் சொன்னாள். பிறகு அவர் பேரையும் சொன்னாள், முழுப் பேர், பிறந்த வருடத்தோடு. அவர் பதறிப்போய்ச் சுற்றிலும் பார்த்தார். புது அடுக்குமாடியின் எண், மாடி, கதவு எண், லிஃப்டிலிருந்து இடது பக்கம் என்பது வரை சொன்னாள்.

"இந்த ஆளு சொன்னத நம்பி எதுவும் பண்ணிடாதீங்க. அவருக்கும் ஆக வேணாம், எனக்கும் ஆக வேணாம். நானே நேர்ல வந்து சொல்ற வரைக்கும் பொறுங்க."

கும்பிட்டாள். எழ முடியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தூக்கினோம்.

சந்தின் முனையில் ஒருவன் இரும்புப் பீப்பாயில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு சுட்டுக்கொண்டிருந்தான். தெருவில் விற்கிற எதையும் அக்கா தொட மாட்டாள். நின்றாள். கிழங்கைப் பார்த்தாள், அவன் நகத்தைப் பார்த்தாள், பீப்பாயைக்கூட எட்டிப் பார்த்தாள். பிறகு ஒன்று வாங்கித் தோலை உரித்தாள். தியான் அண்ணன் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார்.

அவள் தான் ஒரு வாய் கடித்தாள். சூடு தாங்காமல் வாயை ஊதி ஊதி மென்றாள், விழுங்கினாள். அங்கேயே சற்று நேரம் நின்றாள். அப்புறம் மீதியை அவர் கையில் வைத்தாள்.

"ஒண்ணுமில்ல. சாப்பிடு."