முப்பத்தொன்பதாவது ஓட்டம்

"பீப்" என்றால் ஓட்டம். அடுத்த "பீப்" வந்தால் நடை. காலை ஐந்தே முக்காலுக்கு ரிச்சர்ட்ஸ் டவுன் பூங்காவின் வெளிச்சுவரை ஒட்டி அல்போன்சா ஓடிக்கொண்டிருப்பார். சத்தம் அவருடைய இடுப்புப் பையில் இருக்கும் போனிலிருந்து வருகிறது. பூங்காவுக்குள் ஓடக்கூடாது என்று காவலாளி விரட்டிவிட்டதால் நடைபாதையில்தான் எல்லாம். நடைபாதை என்று பெயர்தான். பாதியைக் கேபிள்காரர்கள் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், மீதியில் ஸ்கூட்டர்கள் நிற்கின்றன. அதற்கு நடுவே எழுபத்தைந்து மீட்டரைக் கயிறு பிடித்து அளந்து, சுவரில் இரண்டு இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருக்கிறார். மழை அழித்தால் மறுநாள் மறுபடியும் அளப்பார். குத்துமதிப்பாகப் பழைய இடத்திலேயே போட்டால் என்ன என்று கேட்டால் போச்சு, அன்றைக்கு முழுக்க அர்ச்சனைதான்.

"எழுபத்தி நாலர ஓடிட்டு எழுபத்தஞ்சுன்னு சொல்லிக்கினா யார ஏமாத்தறேன்? என்னையத்தான?"

அல்போன்சாவுக்கு நாற்பத்து நான்கு வயது. வார நாட்களில் அடுகோடியில் ஒரு வால்வுப் பட்டறையில் அளவு பார்க்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில், காலைப் பூசை முடிந்த கையோடு, கால்பந்து நடுவர். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஆட்டம், பெண்கள் ஆட்டம், அப்பார்ட்மெண்ட் ஆண்கள் தொப்பையை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஆடும் ஆட்டம், எல்லாவற்றுக்கும் விசில் ஊதியாகிவிட்டது. ஊதாதது ஒன்றே ஒன்று, ஆண்கள் லீக்.

அங்கே நடு மைதானத்தில் நிற்க வேண்டுமென்றால் ஆண்களுக்கு வைத்திருக்கும் ஓட்டச் சோதனையில் தேற வேண்டும். பதினைந்து வினாடியில் எழுபத்தைந்து மீட்டர் ஓடி, பதினெட்டு வினாடியில் இருபத்தைந்து மீட்டர் நடந்து, மூச்சு அடங்குவதற்குள் மறுபடி ஓட வேண்டும். இப்படி நாற்பது தடவை. ஒலிபெருக்கியில் விசில் அடிக்கும்போது கால் கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும். முதல் தடவை பிந்தினால் கோட்டருகே நிற்பவர் கொடியைத் தூக்கி எச்சரிப்பார். இரண்டாம் தடவை கொடி எழுந்தால் ஷூவைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அடுத்த வாய்ப்பு அடுத்த வருஷம்.

நாலு வருஷம் போய் வந்தாயிற்று. முதல் வருஷம் பன்னிரண்டாவது ஓட்டத்தில் முடிந்தது. அடுத்த வருஷம் பத்தொன்பது. மூன்றாம் வருஷம் டெங்குவிலிருந்து எழுந்த உடம்போடு போய் ஒன்பதிலேயே புல்லில் உட்கார்ந்துவிட்டார். போன வருஷம் முப்பத்து நான்கு. பெண்களுக்கான சோதனையில் எப்போதோ தேறியாகிவிட்டது, சான்றிதழ் பீரோவில் கிடக்கிறது. "அதுவே பெரிய விஷயம்தானே மேடம், லேடீஸுக்கு இதுவே ஜாஸ்தி" என்று யாராவது ஆறுதல் சொன்னால் அவருக்கு வருகிற கோபம் இருக்கிறதே, அப்பப்பா! எதிரில் இருப்பவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்வது நல்லது.

பட்டறையிலும் இதே கதைதான். நாள் முழுக்கக் காலிப்பர் என்ற அளவுக்கருவியும் கையுமாக நின்று, ஒவ்வொரு வால்வின் வாயையும் அளந்து, மயிரிழை கூடினாலும் சிவப்புத் தட்டில் போட்டுவிடுவார். மாசக் கடைசியில் சரக்கு அனுப்ப வேண்டிய அவசரத்தில் முதலாளி பின்னால் வந்து நிற்பார். இந்த ஊரில் பஸ்ஸில் இடம் கேட்பதிலிருந்து சாக்கடை மேல் வீடு கட்டுவது வரை எல்லாவற்றையும் நடத்திவைக்கும், 'கொஞ்சம் அனுசரித்துப் போங்கள்' என்கிற அந்தக் கன்னட மந்திரத்தைச் சொல்வார்: "அல்போன்சாம்மா, ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி."

"மாடக்கில்ல சார், முடியாது" என்பார் இவர், தலையைத் தூக்காமலே. "அது கேஸ் லைன்ல போய் உக்காரப் போவுது. லீக் ஆச்சுன்னா கேஸ் அட்ஜஸ்ட் பண்ணிக்குமா?"

முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு போவார். ஆனால் வெளியூர் ஆர்டருக்கு ஆய்வு செய்ய ஆள் வந்தால், "எங்க செக்கிங் லேடிய வந்து பாருங்க" என்று மார்தட்டிக்கொள்வதும் அவரேதான்.

இப்படிப்பட்ட மனுஷி பிறக்கும்போதே விசிலோடு பிறந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். பதின்மூன்று வருஷம் முன்பு கோயில் இளைஞர் விழாவில் பந்தாட்டத்துக்கு நடுவர் வராமல் போய், பங்குச் சாமியார் சும்மா நின்றிருந்த அல்போன்சாவின் கையில் விசிலைக் கொடுத்தார். "நீதான் எல்லாரையும் அதட்டுவியே, ஊது" என்றாராம். ஊதினார். கோட்டுக்கு வெளியே போன பந்தைக் கையால் எறிந்து ஆட்டத்தைத் தொடங்கும்போது ஆஃப்சைடு என்ற தவறே கிடையாது. கால்பந்துப் பைத்தியம் பிடித்த கன்டோன்மெண்ட் பகுதியில் நடக்கப் பழகிய குழந்தைக்குக்கூட இது தெரியும். அல்போன்சா அதற்கு ஆஃப்சைடு கொடுத்து, விழுந்த கோலையும் இல்லை என்று சொல்லிவிட்டார். மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. அதற்கப்புறம் ஒரு வருஷம் அவர் சந்தைக்குப் போனாலும் சரி, நற்கருணை வாங்க வரிசையில் நின்றாலும் சரி, முதுகுக்குப் பின்னால் "ஆஃப்சைடு" என்று ஒரு குரல் கேட்கும்.

வேறு யாராயிருந்தாலும் விசிலைச் சாமியார் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். இவர் விதிப் புத்தகம் வாங்கினார். பதினேழு விதிகளையும் ஜெபமாலை உருட்டுவது போலத் தினம் உருட்டினார். கணவர் யூஜின் சோறு கேட்டால் பெனால்டி விதிதான் பதிலாக வரும். யூஜின் கூரியர் கம்பெனியில் வேலை பார்ப்பவர், சாது. ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டால் மஞ்சள் அட்டை உண்டு, இரண்டாவது தடவை போட்டால் சிவப்பு அட்டை. சிவப்பு வாங்கிய அன்று அவர் சாப்பாடு வெளியில்தான். ஒருநாள் சாம்பாரை அடுப்பில் வைத்துவிட்டு அல்போன்சாவே மறந்து, பாத்திரம் கருகிப் போனது. யூஜின் வாயைத் திறப்பதற்குள் அட்டையை எடுத்துத் தனக்குத் தானே காட்டிக்கொண்டு, அன்று இரவு வெறும் வயிற்றோடு படுத்தார்.

"பைத்தியம்," என்கிறார் யூஜின். அப்படிச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை ஓடுவதைப் பார்க்க வேண்டும்.

இந்த வருஷம் ஜூலையில் கால்பந்துச் சங்கத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. நாற்பத்தைந்து வயது ஆனவர்கள் இனி ஆண்கள் லீக்குக்கான சோதனைக்குப் புதிதாக வர முடியாது. காரணம் என்று ஒரு வரி கிடையாது. சோதனை வருஷத்துக்கு ஒருமுறை, அக்டோபரில் மட்டும். அல்போன்சாவுக்கு ஜனவரியில் நாற்பத்தைந்து. நாலு வருஷம் நாய் மாதிரி ஓடி பன்னிரண்டிலிருந்து முப்பத்து நான்குக்கு வந்த ஒருத்தியைப் பார்த்து, இதுதான் கடைசி என்று ஏ.சி. அறையில் உட்கார்ந்து முடிவு செய்ய எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆகியிருக்கும்.

அல்போன்சா சங்கத்துக்கே போனார். செயலாளர் சுந்தரமூர்த்தி நாற்காலியை இழுத்துப் போட்டு, காப்பி வரவழைத்து, "உங்க திறமைக்கு வயசெல்லாம் ஒரு கணக்கே இல்லம்மா. ஆனா கமிட்டி முடிவு. காலம் மாறுதில்ல?" என்றார்.

"காலம் மாறட்டும் சார். நாந்தான் தினமும் அஞ்சே முக்காலுக்கு ஓடி மாறிக்கினே இருக்கறேனே. கமிட்டில ஒருத்தராவது ஒரு ரவுண்டு ஓடிப் பாத்தீங்களா?"

காப்பியைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டார். அன்றிலிருந்து நடைபாதையில் நாற்பதுக்குப் பதில் நாற்பத்து நான்கு ஓட்டம். இடது முழங்காலில் உறை ஏறியது. பட்டறையில் நின்று அளந்துகொண்டிருந்தவர் ஸ்டூல் கேட்டு வாங்கினார். வீட்டில் படி இறங்கும்போது மட்டும் யூஜினின் தோளைப் பிடித்துக்கொள்வார், அதையும் பிடிக்காத மாதிரி பிடிப்பார்.

சோதனை நாளன்று ஜோகுபாளையத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் மைதானத்துக்குள் நுழைந்ததும் அவர் கண்ணில் பட்டது ஓடுபாதை இல்லை. மேஜை மேல் வைத்திருந்த பழக்கூடை. மஞ்சள் காகிதம் சுற்றி, ரிப்பன் கட்டி, பக்கத்தில் ஒரு சால்வையும் ஜரிகை வைத்த மைசூர் பேட்டா தலைப்பாகையும். பின்னால் இருந்த பேனரில் அவருடைய படம். "நம் நகரின் பெருமை" என்று மூன்று மொழியிலும் போட்டிருந்தது. இந்த ஊரில் கடை திறந்தாலும் பேட்டா, கிழவர் ரிட்டயர் ஆனாலும் பேட்டா. அதில் ஒன்றும் அதிசயம் இல்லை. ஆனால் ஓடுவதற்கு முன்னாலேயே!

"யாருக்கு சார் அது?"

"உங்களுக்குத்தான்!" சுந்தரமூர்த்திக்கு ஒரே குஷி. "பத்திரிகைல இருந்து ரெண்டு பேர் வராங்க. நீங்க கவலையே படாதீங்க. சும்மா ஓடுங்க, போதும்."

சும்மா ஓடுங்க. அந்தச் 'சும்மா'வை அல்போன்சா மனசுக்குள் இரண்டு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். வந்த கோபத்தைக் காலுக்கு அனுப்பிவிட்டு, ஜெர்சிக்குள் கழுத்துக் கயிற்றில் கிடந்த மாதா படத் துணியான உத்தரியத்தைத் தொட்டு முத்தமிட்டுவிட்டுப் போய்க் கோட்டில் நின்றார். கூட நின்ற பதினோரு பேரும் ஆண்கள், முப்பதைத் தாண்டாதவர்கள்.

பத்து ஓட்டம் வரை அவருக்கு வியர்க்கவேயில்லை. இருபதில் இரண்டு பேர் கழன்றுகொண்டார்கள். முப்பத்து நான்காவது ஓட்டம் தாண்டியபோது கம்பிவேலிக்கு வெளியே நின்ற யூஜின் சிலுவை போட்டுக்கொண்டார். முப்பத்தாறில் முழங்கால் ஒரு கணம் மக்கர் செய்தது. விசில் அடித்தபோது கால் கோட்டுக்கு இந்தப் பக்கம். கொடி எழுந்தது. எச்சரிக்கை.

கோட்டருகே கொடியோடு நின்றவர் வெங்கி. அவரும் நடுவர்தான், அல்போன்சாவைவிட ஆறு வயது இளையவர். பல ஞாயிற்றுக்கிழமைகள் மழையில் ஒரே குடையில் நின்றவர்கள் இருவரும். முப்பத்தேழிலும் முப்பத்தெட்டிலும் அல்போன்சா கோட்டைத் தாண்டிவிட்டார். முப்பத்தொன்பதில் கடைசி ஐந்து அடி எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. விசில் அடித்துவிட்டது. கால் இன்னும் காற்றில் இருந்தது.

அல்போன்சா நிமிர்ந்து வெங்கியைப் பார்த்தார். கொடி வெங்கியின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவர் பார்வை எங்கேயோ தென்னை மரத்தில் இருந்தது.

கால்கள் பழக்கத்தில் நாற்பதையும் ஓடி முடித்தன. மைதானமே கைதட்டியது. இளைஞர்கள் வந்து "சூப்பர் மேடம்" என்று கையைக் குலுக்கினார்கள். சுந்தரமூர்த்தி சால்வையோடு ஓடி வந்து போர்த்தி, வியர்வை சொட்டும் தலையில் பேட்டாவை அமுக்கி வைத்தார். கேமராக்காரர் சிரிக்கச் சொன்னார். மேஜையில் ஒருவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு முடிவுத் தாளில் அல்போன்சாவின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார். அல்போன்சா யாரையும் பார்க்கவில்லை. பேட்டாவோடு நேரே வெங்கியிடம் போனார்.

"முப்பத்தொம்பதுல இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவலக்கா. பாஸ்."

"எவ்ளோ பிந்தினேன்?"

வெங்கி தரையைப் பார்த்தார். "அரை அடி இருக்கும். வுடுங்கக்கா. யார் பாத்தா? அடுத்த வருஷம் இல்லவே இல்ல உங்களுக்கு. எனக்கு மனசு கேக்கல. ஸ்வல்ப அட்ஜஸ்ட்..."

"சொல்லாத!" மைதானம் முழுக்கக் கேட்டது அந்தக் குரல். பத்திரிகைக்காரர்கள் திரும்பினார்கள். "அந்த வார்த்தைய எங்கிட்ட சொல்லாத வெங்கி. அஞ்சு வருஷமா அந்த அரை அடிக்குத்தான் ஓடிக்கினு இருக்கறேன். முப்பத்தெட்டு நான் ஓடினது. அது எனக்குப் போதும். முப்பத்தொம்பத நீ எனக்குப் பிச்ச போடறியா?"

"பிச்ச இல்லக்கா. பாசம்."

"பாசம்னா வீட்டுக்கு வந்து மீன் கொழம்பு சாப்பிடு. இங்க நீ கோடு பாக்கறவன். நாளைக்கு லீக்ல நான் நின்னு ஒருத்தனுக்கு ஆஃப்சைடு குடுத்தா, 'நீயே அரை அடி திருடிக்கினு வந்தவதான'ன்னு அவன் கேக்க மாட்டான். நான் கேப்பேன்."

"மேடம், ஃபோட்டோ..." என்று சுந்தரமூர்த்தி நடுவில் வந்தார். "எல்லாம் ரெடியா இருக்கு. இதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

அல்போன்சா பேட்டாவைக் கழற்றினார். ஜரிகை கலையாமல், இரண்டு கையாலும், சுந்தரமூர்த்தியின் கையில் கொடுத்தார். சால்வையை மடித்து அதன் மேல் வைத்தார். கம்பிவேலிக்கு வெளியே யூஜினுக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்பது போலக் கையைத் தூக்கப் போனவர், பாதியில் இறக்கிக்கொண்டு வேலியைப் பிடித்துக்கொண்டார்.

வெங்கியின் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டிக் கொடியை வாங்கிக்கொண்டு அல்போன்சா முப்பத்தொன்பதாவது ஓட்டம் முடிந்த கோட்டில் போய் நின்றார். குதிகால்களைச் சேர்த்து, முதுகை நிமிர்த்தி, கொடியைத் தலைக்கு மேல் உயர்த்தினார். மேஜையில் இருந்தவர் பேனாவோடு திகைத்துப் போய்ப் பார்த்தார், எழுதவில்லை. அல்போன்சாவின் இடது முழங்கால் வெடவெடவென்று ஆடியது. மேஜைக்காரர் 'தேறவில்லை' என்று எழுதி முடிக்கும்வரை அவர் கையை இறக்கவில்லை.