அருள்நாதன் கட்டிய சுவர்

கொத்தனார் அருள்நாதன் ஜீயபுரத்திலிருந்து திருச்சிக்குப் பிழைக்க வந்தவர். கடவுளை ‘அப்பா’ என்றுதான் சொல்வார். சாரத்தில் ஏறும்போது, “அப்பா, பாத்துக்க” என்பார். கடவுள் இல்லையென்று நான் மணிக்கணக்கில் வாதாடியிருக்கிறேன். சாந்து பூசும் கரணையைக் கழுவிக்கொண்டே சிரிப்பார்.

அவருடைய கோயிலின் கல்லறைத் தோட்டத்தை ஒரு சுவர் இரண்டாகப் பிரித்தது. மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், அருள்நாதனின் சாதிக்காரர்கள் மறுபக்கம். செத்த பிறகும் சாதி! 1957 மழையில் சுவர் விழுந்தது. திரும்பக் கட்ட அவரையே கூப்பிட்டார்கள். தண்ணீர் வடியச் சுவரின் அடியில் துளை விடுவது கொத்துவேலையின் பாலபாடம். கோயில் பெரியவர்கள் துளை வேண்டாமென்றார்கள். அருள்நாதன் பக்கத்துத் தண்ணீர் தங்கள் பக்கம் வரக்கூடாதாம்.

கட்டாதீர்கள் என்றேன். பங்குச் சாமியாரே சொல்லிவிட்டார், அது அப்பா சொன்ன மாதிரி என்று அருள்நாதன் துளையில்லாமல் கட்டி முடித்தார்.

அடுத்த ஐப்பசியில் அவருடைய ஒரே மகள் லூர்துராணி டைபாய்டில் இறந்தாள். எட்டு வயது. தோண்டிய குழியில் இடுப்பளவு தண்ணீர். சுவருக்கு அப்பால் வாய்க்காலை நோக்கிய சரிவு. அங்கே தண்ணீர் நிற்கவில்லை. அந்தப் பக்கம் நாலடி இடம் கேட்டுக் கெஞ்சினார். மறுத்துவிட்டார்கள். அவரும் மனைவி செல்வமேரியும் வாளியால் இறைத்தார்கள். இறைக்க இறைக்க ஊறியது. பெட்டியை இறக்கியபோது மிதந்தது. இரண்டு கற்களை வைத்து அழுத்தியவர் அருள்நாதன்தான்.

இனியாவது அந்த அப்பாவை விடுங்கள் என்றேன்.

“அவரு மேல என்னங்க தப்பு? அவரு சொவரு கட்டச் சொல்லல. யாரோ சொன்னத அவரு சொன்னதா நெனச்சுக் கட்டுனவன் நான்.”



மறுநாள் பட்டப்பகலில் கடப்பாரையோடு போய், மகளின் குழிக்கு நேராகச் சுவரில் துளை போட்டார். யாரைக் கேட்டு இடித்தாய் என்று பெரியவர்கள் அதட்டினார்கள்.

“எங்கப்பா சொன்னாருங்க.”

கோயில் வேலை போனது. அவர்கள் அடைத்தார்கள், அவர் திறந்தார். ஏழு மழைக்காலம் இப்படியே போனது. 1965 கோடையில் அவரும் இறந்தார். மகளுக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தோம்.

அதே வருட ஐப்பசியில் போய்ப் பார்த்தேன். துளையைச் சிமெண்டு வைத்து அடைத்திருந்தார்கள். இரண்டு குழிகளின் மேலும் தண்ணீர் நின்றது. செல்வமேரி சுவரோரம் குந்தி, ஒரு தகரக் குவளையால் இறைத்துக்கொண்டிருந்தார்.