விக்டர் மாமா

என் அத்தை விக்டர் என்று ஒருவரோடு பழகுகிறாள் என்பதை முதலில் கண்டுபிடித்தது, பக்கத்து வீட்டு மாடியில் கூழ்வடகம் காயப்போட வந்த ஆன்ட்டிதான். அந்த விக்டர் யூனிஃபார்ம் போடுகிற உத்தியோகத்தில் இருப்பவர் என்பதும் ஆன்ட்டியின் கண்டுபிடிப்புதான். இவ்வளவு விஷயத்தை வைத்துக்கொண்டு யாரால் சும்மா இருக்க முடியும்? வடகத் தட்டை இடுப்பில் இடுக்கியபடியே இறங்கி வந்து, எங்கள் அம்மாவைக் காம்பவுண்டு சுவரோரம் கூப்பிட்டார்.

“யக்கா, சொல்றேன்னு தப்பா எட்துக்காத. உன் நாத்தனாரு டெய்லி சாய்ங்காலம் மாடில நின்னுகினு யாரோ விக்டராம், அவராண்ட பேசிக்கினு கீது. யூனிபாரம் போட்ற ஆளு. ஏர்போர்ஸா இருக்கும்.”

எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். சேலையூரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஏர்ஃபோர்ஸ் என்றால் விமானப்படைத் தளத்தின் பெரிய சுவரும், சுவருக்கு மேல் எழுந்து போகும் விமானமும்தான். சுவருக்கு அந்தப் பக்கம் நாங்கள் யாரும் போனதில்லை. அத்தைக்கு அங்கே ஓர் ஆள் இருக்கிறார் என்றால் எனக்கும் வழி பிறக்கும் அல்லவா? அந்த நிமிடமே அவரை நான் விக்டர் மாமா ஆக்கிவிட்டேன்.

அத்தை அப்பாவின் தங்கை. நாற்பதைத் தொட்டுவிட்டவள், ஆனாலும் வீட்டில் அவள் பெயர் பாப்பாதான். காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. காலையில் மின்சார ரயிலில் போய் மாலையில் திரும்புவாள். அவளுக்கு வரன் பார்த்ததெல்லாம் பம்மலில் சிமெண்டுக் கடை வைத்திருந்த பெரியப்பா. வந்தவர்களில் ஒருவருக்கு நிலம் போதவில்லை, ஒருவருக்கு உயரம் போதவில்லை, எல்லாம் போதுமாக இருந்த ஒருவருக்கு ஊர் தூரமாகிவிட்டது. பெரியப்பா ஒவ்வொருவராகத் தட்டிக் கழித்துக்கொண்டே வந்தார். ஒரு கட்டத்தில் தட்டிக் கழிக்க ஆளே வரவில்லை. அது எப்போது என்று யாரும் கவனிக்கவில்லை.

கல்லூரியில் மாணவர்கள் நடத்திய ஒரு கண்காட்சியில்தான் அத்தைக்கு ஹாம் ரேடியோ பிடித்துக்கொண்டது. ஒரு மாணவி அவள் கையில் வாக்கிடாக்கி போன்ற ஒன்றைக் கொடுத்துப் பேசச் சொல்ல, முன்பின் தெரியாத யாரோ ஒருவர் நகரத்தின் இன்னொரு மூலையிலிருந்து பதில் சொல்லியிருக்கிறார். அன்று ராத்திரி சாப்பிடும்போது அத்தை அதைப் பற்றியே பேசினாள். போன் மாதிரிதான், ஆனால் சிம் கார்டு இல்லை, பில் இல்லை, யார் எடுப்பார்கள் என்பதும் தெரியாது என்றாள். போன் இருக்கும்போது இது எதற்கு என்று அப்பா கேட்டார். “போன்ல யார்கிட்ட பேசணும்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்ணே” என்றாள் அத்தை. அப்பா ரசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அவள் புத்தகம் வாங்கிப் படித்தாள், பரீட்சை எழுதினாள். லைசென்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டு, அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனார். அது வழக்கமான நடைமுறைதான். ஆனால் தெருவில் அந்தக் காபிக்கே நாலு விதமான அர்த்தம் உலாவியது.

ஒருவழியாகக் கைக்கடக்கமான ஒரு செட் வந்து சேர்ந்தது. அதோடு வந்த குட்டை ஆன்டெனாவில் கரகரப்பைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. அத்தை அசரவில்லை. அப்பாவின் செத்துப்போன குடையைப் பிரித்துக் கம்பிகளை எடுத்து, நடுவில் நிமிர்ந்த ஒன்று, கீழே நாலு பக்கமும் சரிந்த நான்கு என்று தானே ஓர் ஆன்டெனா செய்தாள். ஒவ்வொரு கம்பியும் ஒரு முழத்துக்குச் சற்று மேல். அளந்து பிடிப்பது என் வேலை. பூக்காரம்மா அளப்பது போல முழங்கையை வைத்து அளந்து அவளிடம் திட்டு வாங்கினேன். அதைத் துணி காயும் இரும்புக் கம்பத்தில் கட்டினாள். மறுபடியும் கரகரப்பு. இரும்புக்குப் பக்கத்தில் கட்டக்கூடாது, கைப்பிடிச் சுவருக்கு மேலே நன்றாகத் தலை தூக்கி நிற்க வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு, தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஒரு சவுக்குக் கம்பை நட்டு அதன் உச்சியில் கட்டினாள். ஸ்டூலை நான் பிடித்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் கேட்டது. “இப்ப நல்லா வருது மேடம், பொழிச்சலூர்லேர்ந்து பேசறேன்” என்று ஓர் ஆண் குரல். அத்தை பட்டனை அழுத்தினாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு தப்பும் தவறுமாக ஏதோ இங்கிலீஷில் சொன்னாள். “தமிழ்லயே பேசலாம் மேடம்” என்றது குரல். நடுவில், “ஒரு நிமிஷம், தலைக்கு மேல ஃபிளைட்டு” என்று நிறுத்தியது. மேற்கே பார்த்தால் நிஜமாகவே ஒரு விமானம் தாழ்ந்து போய்க்கொண்டிருந்தது. காதில் கேட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் செட்டில் பட்டனை அழுத்தியிருக்கும்வரை பேசலாம், கேட்க முடியாது. விட்டால் கேட்கலாம், பேச முடியாது. ஒருவர் முடித்து ‘ஓவர்’ சொன்ன பிறகுதான் இன்னொருவர் ஆரம்பிக்க வேண்டும். இப்படி ஒரு பட்டன் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்திருந்தால் பெரியப்பா அதிலிருந்து விரலை எடுத்திருக்கவே மாட்டார். அத்தைக்கோ இந்த முறை மிகவும் பிடித்துப்போயிற்று. ஒருநாள் சாப்பாட்டில், “அண்ணி, இன்னும் கொஞ்சம் குழம்பு, ஓவர்” என்றாள். அம்மா சிரித்ததில் குழம்பு தட்டுக்கு வெளியே விழுந்தது.

அப்புறம் தினமும் வேறு வேறு குரல்கள் வந்தன. பொழிச்சலூர்க் குரல் மட்டும் தவறாமல் வரும். ஆனால் அத்தை பேச்சைத் தொடங்கும்போதெல்லாம் முதலில் விக்டரைக் கூப்பிடுவாள். “விக்டர், யூனிஃபார்ம்” என்பாள், பிறகு எண்ணும் எழுத்துமாக ஏதோ வேகமாக ஓடும். முடிக்கும்போதும் அதேதான். வடகத்து ஆன்ட்டியின் காதில் விழுந்தது இதுதான்.

விஷயம் அப்பாவுக்குப் போயிற்று. வீட்டுப்பாடத்தை இனி மாடியில் உட்கார்ந்து எழுது என்று என்னிடம் சொன்னார். அத்தை என்ன பேசுகிறாள் என்று வந்து சொல்ல வேண்டும். இது உளவு வேலை என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. விக்டர் மாமாவைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்த எனக்கு, பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல் ஆயிற்று. தெரிந்ததை எல்லாம் சொன்னேன். அந்தப் பக்கம் இருப்பவரும் தன் பெயரை விக்டர் என்றுதான் சொல்கிறார். யூனிஃபார்ம் என்றும் மறக்காமல் சொல்கிறார். ஒவ்வொரு நாள் ஒவ்வொரு குரலில் பேசுகிறார், சளி பிடித்திருக்கலாம்.

“வேற?” என்றார் அப்பா.

“சில சமயம் அத்தை ரோஜர்னு கூப்புடும்.”

அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “ரோஜர் யாரு?”

அம்மா கேட்டது வேறு. அப்பா வெளியே போன பிறகு என்னைச் சமையலறைக்கு இழுத்து, தலையைக் கோதிவிட்டபடி, மரியாதையாகப் பேசுகிறாரா என்று கேட்டாள். பேசுகிறார், அவர் சிரித்தால் அத்தையும் சிரிக்கும் என்றேன். அம்மா அடுப்பைத் தணித்தாள். “சரி, இத அப்பாகிட்ட சொல்லாத” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்தார். கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்றால் சாதாரண விஷயமில்லை. மாடியில் நிற்கும் கம்பியைப் பிடுங்கி எறிவது, செட்டைப் பூட்டி வைப்பது, வேலையை விடச் சொல்வது என்று அவரும் அப்பாவும் வாசலிலேயே நின்று முடிவு செய்தார்கள். விக்டர் என்ன மதம், என்ன ஜாதி என்பதைப் பற்றியும் பேச்சு வந்தது. மாமாவை வீட்டுக்குள் விட மாட்டார்கள் போலிருந்தது.

அத்தையைக் கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். குளித்துவிட்டு ஈரத் தலையில் துண்டோடு வந்து நின்றாள்.

“யாரு பாப்பா அந்த விக்டரு?” என்றார் பெரியப்பா.

“எந்த விக்டர்ணே?”

“அதாம்மா, யூனிபாரம் போட்றவன். தெனிக்கும் மாடில நின்னுகினு பேசறியே. ஊரே சிரிக்குது.”

அத்தை எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். துண்டு அவிழ்ந்து தோளில் விழும்வரை சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

“அண்ணே, கடைக்கு வர்ற லாரி நம்பரைப் போன்ல சொல்றப்ப பி ஃபார் பாம்பேன்னு சொல்வீங்க இல்ல? அப்ப பாம்பே உங்க கடைக்கு வருதா? லைசென்ஸ்ல எனக்கு ஒரு நம்பர் குடுத்துருக்காங்க. வி, யுன்னு ஆரம்பிக்கும். வி ஃபார் விக்டர், யு ஃபார் யூனிஃபார்ம். அந்த விக்டர் நான்தான்.”

“நீயா?”

“நான்தான். அந்தப் பக்கம் பேசறவங்களும் விக்டர்தான். இந்தியாவுல லைசென்ஸ் வாங்கின எல்லாரும் விக்டர்தான்ணே.”

“ரோஜரு?” என்று அப்பா தயங்கிக் கேட்டார்.

“நீ சொன்னது கேட்டுச்சுன்னு அர்த்தம்.”

பெரியப்பாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. ஆனாலும் வியாபாரி அல்லவா, எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை எடை போட்டுப் பார்ப்பவர். “அப்ப யாரும் இல்லியா?” என்றார்.

“யாரும் இல்லண்ணே.”

“நெஜமா?”

“நெஜமாத்தான்.”

“கொயந்த தலைல கைய வெச்சுச் சொல்லு.”

“பிள்ளை தலை எதுக்கு மாமா, வேணாம்” என்று சமையலறை வாசலிலிருந்து அம்மா சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. அப்பா என்னை முன்னால் தள்ளினார். அத்தையின் சிரிப்பு நின்றிருந்தது. அவள் ஈரக் கையை என் உச்சந்தலையில் வைத்தாள். “எனக்கு யாரும் இல்ல” என்றாள். பெரியப்பா இப்போது திருப்தியாகத் தலையாட்டினார். அவர் தலையாட்டி முடித்த பிறகும், அப்பா பெருமூச்சு விட்டு மின்விசிறியைக் கூட்டி வைத்த பிறகும், அத்தையின் கை என் தலைமேலேயே இருந்தது. கனமாக இருந்ததால் நான்தான் நெளிந்து விலகினேன்.

அதன்பின் வீடு கல்யாண வீடாக மாறிவிட்டது. பெரியப்பா பாயசம் வைக்கச் சொன்னார். கடைக்குப் போன் போட்டு நீளமான ஒரு ஜி.ஐ. பைப்பைக் குட்டியானை வண்டியில் வரவழைத்தார். “சவுக்குக் கம்பு காத்துக்குத் தாங்காது. நல்லா ஒசரமா கட்டிக்க பாப்பா, இன்னா ஆசையோ பேசிக்க” என்று தானே மாடியேறி நின்று, ஆன்டெனாவில் இரும்பு படாதபடி உச்சியில் ஒரு மரத்துண்டைச் செருகி அதை நட்டுக் கொடுத்தார். கொஞ்ச நேரத்துக்கு முன் பிடுங்கி எறிய வந்தவர், இப்போது ஆன்டெனா நேராக நிற்கிறதா என்று தெருவில் இறங்கி அண்ணாந்து பார்த்தார். வடகத்து ஆன்ட்டிக்கும் ஒரு டம்ளர் பாயசம் போயிற்று.

அம்மா அத்தைக்கு முன்னால் பாயசத்தை வைத்தாள். “அப்புறம் சாப்பிடறேன் அண்ணி” என்றாள் அத்தை. அம்மா வற்புறுத்தவில்லை. அதை மூடி வைத்தாள். நான் அழுது அடம்பிடித்துக்கொண்டிருந்ததால் அத்தையின் பங்கும் கடைசியில் எனக்குத்தான் வந்தது. ஏன் அழுகிறாய் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். விக்டர் மாமா வெறும் எழுத்தாகப் போய்விட்டார் என்று எப்படிச் சொல்வது? மூக்கை உறிஞ்சிக்கொண்டே முந்திரியைப் பொறுக்கித் தின்றேன்.

சாயங்காலம் அத்தை வழக்கம்போல மாடிக்குப் போனாள். நானும் போனேன். ஆன்டெனா உயர்ந்ததில், இதுவரை கேட்காத ஊர்க்காரர்களெல்லாம் துலக்கமாகக் கேட்டார்கள். பொழிச்சலூர்க் குரலும் வந்தது. “மேடம், இருக்கீங்களா?” என்றது. அத்தை செட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பட்டனை அழுத்தவில்லை. குரல் இன்னொரு தடவை கேட்டது.

“அத்தை, கூப்புட்றாங்க.”

“கேக்குது.”

“ரிப்பேரா?”

“இல்ல. நல்லாத்தான் இருக்கு.”

பெரிய ஆன்டெனா வந்தும் பேசாமல் இருக்கிறாளே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. அவள் சத்தியம் செய்தது பொய்யில்லை, அவளுக்கு உண்மையிலேயே யாரும் இல்லை. நாற்பது வயதில் ஒரு பெண் அப்படிச் சொல்ல, அவளை அப்படி விட்டவர்களே அதைக் கேட்டு நிம்மதியடைந்து பாயசம் வைத்துக் குடித்தார்கள் என்பது, நான் வளர்ந்து எனக்கு வரன் பார்க்கத் தொடங்கிய நாளில்தான் உறைத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் விக்டர் மாமாவுக்காக அழுதது நான் ஒருத்திதான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.