பதினோரு நிமிடம் சும்மா இருந்தவள்

அவளுக்கு அலுவலகத்தில் எக்ஸ்பிரஸ் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருந்ததோடு சரி. வீடியோ கேம்களை ஆடிப் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுப் பத்திரிகையில் எழுதுவது அவள் வேலை. நாற்பது மணி நேர ஆட்டத்தைப் பத்தொன்பது மணி நேரத்தில் முடித்துவிடுவாள். அவள் கையில் பிடித்து ஆடிவிட்டு வைத்த கன்ட்ரோலரைத் தொட்டால் கை சுடும். ஒரு மழைக்காலத்தில் ஆசிரியர் தம்முடைய நனைந்த காலுறைகளை அதன்மேல் போட்டுக் காயவைத்தார் என்று அங்கே வேலை பார்த்தவர்கள் இன்றைக்கும் சத்தியம் செய்வார்கள்.

வேகத்துக்குக் காரணம் இருந்தது. புது ஆட்டம் கடைக்கு வருவதற்கு மூன்று நாள் முன்னதாகப் பத்திரிகைகளுக்கு ஒரு பிரதி வரும். கூடவே ஒரு கடிதமும் வரும்: செவ்வாய் மாலை ஐந்து மணிக்கு முன்னால் இதைப் பற்றி மூச்சுவிடக் கூடாது. ஐந்து அடித்ததும் எல்லாப் பத்திரிகைகளின் விமர்சனங்களும் ஒரே நேரத்தில் வெளியே வந்து விழும். ஐந்தே காலுக்கு வருகிற விமர்சனத்தை அதை எழுதியவனின் தாயார்கூடப் படிக்கமாட்டார். அதனால் ஆட்டத்துக்குள் யாராவது வாயைத் திறந்தால், பொத்தானை அழுத்தி அந்தப் பேச்சைத் தாண்டிப் போவது அவளுக்குக் கண் சிமிட்டுவதுபோல் பழகிவிட்டது.

பக்கத்து நாற்காலியில் டூரிஸ்ட் இருந்தான். அவனுக்கும் அதே வேலைதான். ஆனால் எந்த ஆட்டத்தையும் சுற்றிப் பார்க்க வந்தவன்போலவே ஆடுவான். அரக்கனைக் கொன்று உலகத்தைக் காப்பாற்றச் சொன்னால், அரக்கன் வீட்டு ஜன்னல் திரையில் என்ன பூ போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பான். செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு அவன் பாதி ஆட்டம்கூடத் தாண்டியிருக்கமாட்டான்.

“தள்ளு, மிச்சத்தை நான் ஆடறேன். நீ எழுத ஆரம்பி.”

“கொஞ்சம் இரு, இந்தக் கிழவர் ஏதோ சொல்ல வர்றார்.”

“அடுத்த ஜென்மத்துல வந்து சொல்லட்டும். மணி என்னன்னு பாரு.”

ஒன்பது வருடம் இப்படியே ஓடியது. அவன் ஆட்டங்களின் பின்பாதியை அவள் ஆடினாள். அவள் கட்டுரைகளின் பிழைகளை அவன் திருத்தினான். காதலா என்று கேட்டால் இரண்டு பேருமே அடிக்க வருவார்கள். ஆனால் அவனுக்கு இருமல் வந்தால் இவள் தொண்டையைச் செருமிக்கொள்வாள். அதற்குமேல் நாம் துருவுவானேன்!

பிறகு டூரிஸ்ட் வேலையை விட்டுவிட்டு, ஆறு பேர் மட்டும் இருந்த ஒரு சின்ன கேம் கம்பெனிக்குக் கதை எழுதப் போனான். இரண்டரை வருடம் கழித்து அவர்கள் ஆட்டம் வந்தது. ஒரு படகுத்துறை. டிக்கெட் கொடுக்கும் இடத்தில் ஒரு கிழவர் உட்கார்ந்திருப்பார். அவரிடம் சீட்டு வாங்கிக்கொண்டு தீவு தீவாகப் போகவேண்டும். அதை விமர்சிக்கும் வேலையை எக்ஸ்பிரஸ் வேறு யார் தலையிலாவது கட்டியிருக்கலாம். செய்யவில்லை. நண்பன் என்பதால் சலுகை காட்டினாள் என்று ஒரு நாக்கும் சொல்லிவிடக் கூடாதே என்ற வீம்பு வேறு. வழக்கம்போலப் பறந்து முடித்தாள். பத்துக்கு நாலு போட்டாள். “இந்த ஆட்டத்தில் யாருக்கும் பேச ஒன்றுமில்லை” என்று கடைசி வரி எழுதினாள்.

அந்த வரியைத்தான் எல்லோரும் எடுத்துப் போட்டுச் சிரித்தார்கள். ஒரே வருடத்தில் கம்பெனியை மூடினார்கள். ஆட்டமும் விற்பனையிலிருந்து போய்விட்டது. டூரிஸ்ட் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு திட்டுத் திட்டி, அன்றைக்கே சமாதானமாகியிருக்கலாம். அவள் அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்துக்கு “நன்றி” என்று ஒரு சொல் வந்தது. அடுத்த வருடம் அதுவும் இல்லை. எங்கேயோ தூரத்தில் மருந்துப் பெட்டிகளுக்குள் வைக்கும் விளக்கத்தாள் எழுதுகிறான் என்று யாரோ சொன்னார்கள்.

அதற்கப்புறம் பத்திரிகையும் கேம் பக்கத்தை நிறுத்திவிட்டது. பதினான்கு வருட வேலையை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தாள். ஆசிரியரிடம் கேட்டு, அலுவலகத்தின் பழைய கேம் மெஷினையும் தூக்கிவந்தாள். ஒரு மாதம் கூரையைப் பார்த்துப் படுத்திருந்துவிட்டு, கேம்களைப் பற்றிப் பேசி இணையத்தில் போடும் பாட்காஸ்ட் ஒன்றை ஆரம்பித்தாள். எதிரொலி கேட்கக் கூடாது என்பதற்காகத் துணி அலமாரிக்குள் போர்வைகளுக்கு நடுவில் உட்கார்ந்துதான் பேசுவாள்.

“வயசு நாற்பதாகப் போகுது, அலமாரிக்குள்ள உட்கார்ந்து தனக்குத்தானே பேசறா” என்று அம்மா தொலைபேசியில் யாரிடமோ சொன்னது முதல் நிகழ்ச்சியிலேயே பதிவாகிவிட்டது. முதல் வாரம் கேட்டவர்கள் பதினேழு பேர். அதில் நாலு பேர் அம்மாதான். வெவ்வேறு பொத்தானை அழுத்திப் பார்த்திருக்கிறாள்.

மெல்ல மெல்ல ஆட்கள் சேர்ந்தார்கள். ஆனால் ஒரு புகார் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது: பேச்சின் நடுவில் அங்கங்கே சத்தம் நின்றுபோகிறது, ஏதோ கோளாறு. கோளாறெல்லாம் இல்லை. டூரிஸ்ட் குறுக்கே பேசவேண்டிய இடங்கள் அவை. அந்த இடம் வந்தால் அவள் நாக்கு தானாக நின்று வழிவிடும். அலமாரிக்குள் இரண்டாவதாக ஒரு மைக்கும் மாட்டியிருந்தாள். அவன் ஒருமுறை வந்து அதன் முன்னால் உட்கார்ந்து, “கொஞ்சம் இரு” என்று சொன்னால் போதும் அவளுக்கு. அழைத்து எழுத நாற்பது தடவை உட்கார்ந்தாள். நாற்பது தடவையும் அழித்தாள்.

கடைசியில், அவன் ஆட்டத்தைப் பற்றியே ஒரு நிகழ்ச்சி செய்வது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அந்த ஆட்டம் இன்னும் அழியாமல் இருந்த பழைய மெஷினைத் தூசி தட்டினாள். மூன்றாவது தீவை முடித்துக்கொண்டு, அடுத்த சீட்டு வாங்கக் கிழவர் முன்னால் போய் நிற்கும்போது, குளியலறையிலிருந்து கூக்குரல்.

“அடியே! தாழ்ப்பாள் மாட்டிக்கிச்சு! நான் இங்கயே கிடந்து சாகணுமா?”

“அப்படியே இரும்மா, ஸ்க்ரூடிரைவர் எடுத்துட்டு வரேன்.”

“இருக்காம வேற எங்கடி போவேன்?”

தாழ்ப்பாளைக் கழற்றி அம்மாவை வெளியே விட்டுத் திரும்பியபோது, திரையில் கிழவர் பேசிக்கொண்டிருந்தார். பொத்தானைத் தேடிப் போன கட்டைவிரலை அவள் பாதியில் நிறுத்தினாள்.

“பக்கத்து ஜன்னல்ல முன்னாடி ஒருத்தி இருந்தா” என்றார் கிழவர். “நான் ஒரு சீட்டுக் கிழிக்கறதுக்குள்ள அவ ஒரு படகையே அனுப்பிடுவா. சாயங்காலம் என் வரிசையில பாதிப் பேரைச் சொல்லாமக் கொள்ளாமத் தன் பக்கம் கூப்பிட்டுக்குவா. அவ இல்லைன்னா என்னை முதல் வருஷமே அனுப்பியிருப்பாங்க. கிளம்பற அன்னைக்குச் சொல்லலாம்னு போனேன். அவ அடுத்த வேலைக்கு ஓடிட்டா. என்னைக்காவது ஒருநாள் நிப்பா இல்ல, அப்போ சொல்லிக்கலாம்.”

அவ்வளவுதான். பிறகு கிழவர் பழையபடி டிக்கெட் கட்டை எடுத்துக்கொண்டார்.

எதையும் அழுத்தாமல் பதினோரு நிமிடம் நின்றால் மட்டுமே அவர் வாய் திறப்பார் என்று கண்டுபிடிக்க அவளுக்கு நான்கு நாள் பிடித்தது. அந்த வாரம் அலமாரிக்குள் உட்கார்ந்து நடந்ததை நடந்தபடி சொன்னாள். “நாலு மதிப்பெண் போட்டவள் அந்த ஆட்டத்தை ஆடவே இல்லை” என்று முடித்தாள்.

ஒன்பது நாள் ஒன்றும் வரவில்லை. பத்தாம் நாள் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

“எக்ஸ்பிரஸ்?”

“டூரிஸ்ட். எப்படி இருக்க?”

“இருக்கேன். அந்தக் கிழவர் நிஜமாவே பேசினாரா? கடைசி வாரத்துல அதைத் தூக்கிடலாம்னு சொன்னாங்க. தூக்கிட்டாங்கன்னே நினைச்சுட்டு இருந்தேன். பார்க்கலாம்னா என்கிட்ட ஆட்டமும் இல்ல.”

“பேசினார். ஏண்டா, விமர்சனம் எழுதறவங்க எவனும் பதினோரு நிமிஷம் நிக்கமாட்டான்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும். என் ஆட்டமாச்சே, நீ ஒருத்தி நிப்பேன்னு நினைச்சேன்.”

அவள் பழைய மெஷினைத் திரும்பிப் பார்த்தாள்.

“எனக்குக் கேட்கணும்” என்றான் அவன்.

“ஒரு தடவைதான் பேசறார். முதல்லேருந்து ஆடி அங்க போகணும். சனிக்கிழமை காலையில கூப்பிடு.”

முன்பு நாலு மணி நேரத்தில் தாண்டிய தூரத்துக்கு இந்தத் தடவை பதினோரு மணி நேரம் ஆயிற்று. ஒரு பேச்சைக்கூட அவள் தாண்டவில்லை. சனிக்கிழமை அவன் அழைத்தபோது, போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்துவிட்டு, விரல்களை நம்பாமல் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து உட்கார்ந்துகொண்டாள். அலை சத்தம் மட்டும் கேட்டது. அந்தப் பக்கம் அவன் மூச்சுவிடுவதும் கேட்டது.

அம்மா எட்டிப் பார்த்தாள். “லைன்ல யாருடி? ஏன் ரெண்டு பேரும் பேசாம இருக்கீங்க?”

“காத்துக்கிட்டு இருக்கோம்மா.”

“அதுக்கு எதுக்கு போனு? அவங்கவங்க வீட்டுலயே காத்துக்க வேண்டியதுதானே!”

போனுக்குள் அவன் சிரித்தான். எட்டு வருடம் கழித்துக் கேட்ட சிரிப்பு.

கிழவர் பேசி முடித்தார். அவன் மூக்கை உறிஞ்சினான். “ரெண்டாவது வரி நீளம். வெட்டியிருக்கணும்.”

“வெட்டாத. நல்லா இருக்கு.” அவள் அலமாரிப் பக்கம் திரும்பினாள். “நிகழ்ச்சிக்கு வர்றியா? ஒரே ஒரு தடவை.”

“இல்ல. அந்த உலகத்துக்கு நான் திரும்பி வரமாட்டேன். கேட்காத.”

அவள் கேட்கவில்லை. அலமாரிக் கதவு திறந்தே கிடந்தது. இரண்டாவது மைக்கின்மேல் ஒரு போர்வை சரிந்திருந்தது. போனை வைத்துவிடுவான் என்று நினைத்தாள். வைக்கவில்லை.

“அடுத்த தீவுல ஒரு பாட்டுக்காரி இருக்கா” என்றான் கொஞ்சம் கழித்து. “அவளுக்கு இருபத்தஞ்சு நிமிஷம் ஆகும். உனக்கு வேலை இருந்தா இன்னொரு நாள் பார்க்கலாம்.”

“எந்தப் பக்கம் நிக்கிறா, சொல்லு” என்றாள் எக்ஸ்பிரஸ்.