அப்பா அறைக்கு வைஃபை இழுத்தது

அப்பாவுக்குத் தொண்டையில் புற்று. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தடியில் ஒரு துளை போட்டு அதில் குழாய் வைத்திருந்தார்கள். மூச்சு அந்த வழியாகத்தான். மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டியில் காலமெல்லாம் ஏலம் கூவினவர் அவர். லாரி இரைச்சலையும் தாண்டி ரோடு வரைக்கும் கேட்கும் குரல். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது பேச்சுக்கென்று அவர் கையில் இருந்தது ஒரு செல்போன் மட்டும்.

கோயமுத்தூரில் வேலையில் இருந்த நான் லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன். எங்கள் வீடு ரயில்பெட்டி மாதிரி நீளம். குளியலறை ஒட்டி இருக்கட்டும் என்று அப்பாவைக் கடைசி அறையில் படுக்கவைத்தோம். கூப்பிடுவதற்கு ஒரு மணி வாங்கிக் கொடுத்தேன். அதை உற்றுப் பார்த்தார். பிறகு ஒற்றை விரலால் போனில் தட்டி என்னிடம் நீட்டினார்: "நான் மாடா?"

அன்றோடு மணி மூலைக்குப் போனது. வேண்டியதை எழுதி எங்கள் போனுக்கு அனுப்ப ஆரம்பித்தார். வெந்நீர். ஃபேனைக் குறை. வாசலில் யார்? ஆனால் ரவுட்டர் இருந்தது முன்னறையில். நடுவே தடித்த கருங்கல் சுவர்கள். கடைசி அறைக்கு வைஃபையும் வராது, டவரும் கிடைக்காது. அவர் எழுதுவது பாதி நேரம் ஒற்றை டிக்கோடு நின்றுவிடும். ரவுட்டரை டிவிக்குப் பின்னாலிருந்து எடுத்து உயரத்தில் வைத்துப் பார்த்தேன். நடை வரைக்கும்தான் வந்தது.

ஒருநாள் காலை அம்மா சமையலறையில் மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தாள். நான் மொட்டை மாடியில் துணி உலர்த்திவிட்டு இறங்கினேன். நடையில் அப்பா சுவரைப் பிடித்தபடி மடங்கி உட்கார்ந்திருந்தார். குழாயில் சளி அடைத்து முகம் கறுத்துப் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் கற்றுக்கொடுத்தபடி மெஷினை வைத்துச் சளியை உறிஞ்சி எடுத்தோம். மூச்சு வந்தது. அவர் போனை எடுத்துப் பார்த்தேன். "வா." "வா." "அம்மணி வா." அம்மணி என்று அவர் கூப்பிடுவது என்னைத்தான். எதுவுமே எனக்கு வந்து சேரவில்லை.

"புதுசா ஏதாவது வாங்கோணுமா கண்ணு?" என்றாள் அம்மா.

"வேண்டாங்கம்மா. பழைய ரவுட்டர் பரண்ல கெடக்குதுங்க. அதையே வெச்சுப் பண்ணிடறேன்."

தூசி தட்டி, நீளமான கேபிளை நடையோரமாகக் கடைசி அறை வரை இழுத்து, இரண்டு ரவுட்டர்களையும் இணைத்தேன். முன்னறையிலும் நெட் போய்விட்டது. இரண்டும் தானே தலைவன் என்று நினைத்து, போன்களுக்கு ஆளுக்கொரு முகவரி கொடுத்துக் குழப்பியிருக்கின்றன. கேபிளைக் கழற்றி, பழையதை லேப்டாப்பில் மாட்டி அதன் ஐபி எண்ணை மாற்றினேன். முகவரி கொடுக்கும் வேலையை அதில் நிறுத்தினேன். முன்னறை வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையுமே அதற்கும் வைத்தேன். மறுபடி கேபிளைச் செருகியதும் அப்பா போனில் சிக்னல் நிறைந்தது. "காபி" என்று எழுதினார். இரண்டு டிக். அம்மா அடுப்படியிலிருந்தே, "வந்துருச்சுங்க, வாரேன்!" என்று கத்தினாள். ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

ஆனால் நெட் வந்தால் நாம் வேண்டுவது மட்டுமா வரும்?

மண்டிக்காரர் ஒருவர், பழைய வீடியோ ஒன்று கிடைத்தது என்று அப்பாவுக்கு அனுப்பியிருக்கிறார். பாசத்தில் அனுப்பியதுதான். மத்தியானம் நான் நடையில் கேபிளுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். பின்னறையிலிருந்து திடீரென்று, "ஒருதரம்... ரெண்டுதரம்..." என்று அப்பாவின் குரல் கணீரென்று எழுந்தது. சுத்தியலைப் போட்டுவிட்டு எழுந்தேன். என்னைத் தாண்டி அம்மா ஓடினாள், கையெல்லாம் மாவு.

"ஏனுங்க! பேசறீங்களா? பேச வந்துருச்சுங்களா?"

அறை வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அப்பா மடியில் போன். அதன் திரையில் மூட்டைகள் நடுவே கை உயர்த்தி நிற்கும் அப்பா. கட்டிலில் இருந்தவர் பதறி அதை நிறுத்தப் பார்த்தார். விரல் சரியாகப் படவில்லை. "மூணுதரம்" என்று அது சொல்லி முடித்தது.

அம்மா திரும்பிப் போனாள். பாத்திரம் தேய்க்கும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். தண்ணீர் வெறுமனே ஓடியது. என் போன் அதிர்ந்தது. அப்பாதான். "அவளை அழவேண்டாம்னு சொல்லு."

நான் போய்ச் சொல்லவில்லை.

சாயந்தரம் பார்த்தால் பின்னறை ரவுட்டரில் விளக்கு இல்லை. அப்பா பிளக்கைப் பிடுங்கிப் போட்டிருந்தார். செருகினேன். மறுநாளும் பிடுங்கியிருந்தார்.

"எதுக்குங்கப்பா? மூச்சு அடைச்சா எங்களுக்கு எப்படித் தெரியும்?"

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். போனைத் தொடவே இல்லை. கழுத்தில் வைத்துப் பேசும் கருவி இருக்கிறது, பழகினால் பேசலாம் என்று டாக்டர் சொன்னதற்கும் தலையை மட்டும் ஆட்டினார், வேண்டாம் என்று. அம்மா ஒரு நாற்காலியைப் பின்னறையில் போட்டு, காய் நறுக்குவதையும் அங்கேயே வைத்துக்கொண்டாள்.

லீவு முடிந்து நான் திரும்பிவிட்டேன். சாயந்தரங்களில் அம்மா அவரை முன்னறைக்கு நடத்திவந்து எனக்குப் போன் போடுகிறாள். "அப்பாகிட்டக் குடுங்கம்மா" என்பேன். காதில் அந்தக் குழாய் மூச்சு மட்டும் கேட்கும். இங்கே மழை, பஸ்ஸில் கூட்டம், சாப்பிட்டாச்சு என்று நானே சொல்லிக்கொண்டு போவேன். சொல்ல ஒன்றும் மிச்சம் இல்லாமல் போகும். அப்புறமும் வைக்க மனம் வராமல் பிடித்துக்கொண்டிருப்பேன். கடைசியில் அம்மாதான் வாங்கி, "அவியளுக்கு அசதியா இருக்குது கண்ணு, வெச்சுர்றேன்" என்பாள்.