தானாகவே முடிவுக்கு வரும்

வாலிபால் ஆடத் தெரியாதவன் ஒரு வாலிபால் கழகத்துக்குச் செயலாளராக இருப்பதில் நம் நாட்டில் வியப்புக்கு இடமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்று, ராஜபாளையத்தில் வீட்டோடு கிடந்த என்னை, எழுதத் தெரிந்தவன் என்ற ஒரே தகுதிக்காகப் பிடித்துப் போட்டார்கள். தலைவர் பேண்டேஜ் துணி ஆலை வைத்திருப்பவர். பொருளாளர் இரும்புக் கடை வைத்திருக்கும் பாய். கூட்டங்கள் தலைவரின் கிடங்கில் நடக்கும். ஆஸ்பத்திரிகளுக்குப் போகக் காத்திருக்கும் வெள்ளைத் துணிச் சுருள்களுக்கு நடுவில் மூன்று நாற்காலிகள் போட்டு நாங்கள் விளையாட்டை வளர்த்தோம்.

எங்கள் கழகத்தின் பெயர் வெளியூரில் யாருக்கும் தெரியாது. அவன் ஆடுகிற டீம் என்றால் தெரியும். சேத்தூர்க்காரன், இடது கை. பதினைந்து வருடமாக எங்களுக்கு ஆடினான். அவன் வலைக்கு மேலே எழும்பினால் எதிர் அணியில் பின்வரிசைக்காரர்கள் தலையைத் திருப்பிக்கொள்வார்கள் என்று சொல்வார்கள், நானே பார்த்திருக்கிறேன். ஒரு நூற்பாலையில் விளையாட்டுக்காக வேலை கொடுத்திருந்தார்கள். காலையில் ஒரு கையெழுத்து, பிறகு மைதானம். வேலைக்குப் பெயர் ஃபிட்டர். அவன் ஸ்பானரைப் பிடித்து யாரும் பார்த்ததில்லை.

இந்தப் பக்கத்து அணிகளில் ஒப்பந்தம் என்று ஒன்று கிடையாது. ஆடிய அன்று ஒரு கவர், ஒரு பிரியாணி, பஸ் செலவு, அவ்வளவுதான். தொலைக்காட்சியில் பெரிய அணிகள் ஆட்டக்காரர்களை மூன்று வருடம், ஐந்து வருடம் என்று வளைத்துப் போடுவதைத் தலைவர் பார்த்துவிட்டார். அவனுக்கும் மூன்று வருட அக்ரிமென்ட் போட வேண்டும் என்றார். அவர் சொன்ன தொகை எங்கள் ஆண்டு வரவில் பாதிக்கு மேல்.

“அவனுக்கு இப்ப முப்பத்தேழு. மூணு வருசம் முடியறப்போ நாப்பது” என்றேன்.

“நாப்பதெல்லாம் ஒரு வயசா சூப்ரண்ட் சார்?” என்றார் தலைவர். அவருக்கு அறுபத்தைந்து. அந்தக் கணக்கில் அவர் சொன்னது சரிதான்.

பாய் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். “மொதலாளி, மாட்டுச் சந்தையில பல்லப் புடிச்சுப் பாப்பாவ. வாலிபால்காரனுக்கு முட்டியப் பாக்கணும். அவன் பைக்குல இருந்து எறங்குறதப் பாத்தீகளா? ஒரு கால ஊனி, செத்த நேரம் நின்னு, பொறவுதான் மத்தக் கால எடுக்கான்.”

“எறங்குறதப் பாக்காதீரும் பாய். எந்திரிக்கிறதப் பாரும்.”

“எந்திரிச்சவன் எறங்கித்தான ஆவணும்?”

நான் எண்களிட்டுப் பேசினேன். அப்படித்தான் பேச வரும். ஒன்று, நாம் கொடுக்கப்போவது அவன் இதுவரை ஆடியதற்கு. நமக்கு வேண்டியது இனி ஆடப்போவது. இரண்டு, அதே தொகையில் ஒரு நல்ல பயிற்சியாளரையும் செட்டியார்பட்டிப் பக்கத்து இளைஞர்கள் நான்கு பேரையும் எடுக்கலாம். மூன்று, நன்றி காட்டுவதென்றால் பாராட்டு விழா வைத்துப் பொன்னாடை போடலாம். அதற்கு ஒப்பந்தம் தேவையில்லை.

பாய் என் பக்கம்தான். ஆனாலும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார். “ஒமக்கு எக்ஸ்டென்ஷன் குடுக்கலன்னு அவனுக்கும் குடுக்கப்படாதுங்கீரோ?” என்றார்.

ஓய்வு பெறும்போது ஒரு வருடம் பணி நீட்டிப்புக் கேட்டு நான் விண்ணப்பித்ததும், ‘பரிசீலிக்க இயலாது’ என்று ஒரே வரியில் பதில் வந்ததும் பாய்க்குத் தெரியும். நான் சிரித்துவைத்தேன். அவர் சொன்னதில் உண்மை எவ்வளவு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தலைவர் என் வாதத்தை ஒப்புக்கொண்டார். ஆனால் மைதானத்தில் பத்துப் பேர் நிற்கும்போது, “ஏலே, ஒன்னைய விட்டுருவேனா?” என்று அவன் தோளில் கை போட்டுச் சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் முகத்துக்கு நேரே ‘இல்லை’ என்று யாரும் சொல்வதில்லை. அதற்கென்று காகிதம் இருக்கிறது; காகிதம் எழுத என்னைப் போன்றவர்கள் இருக்கிறோம்.

“அக்ரிமென்ட்ட எழுதிருங்க. ஆனா நாளைக்கு நமக்கு ஒரு வழி இருக்கணும்” என்றார் தலைவர்.

எழுதினேன். முப்பது வருடத்துக்கு மேல் அரசுக்கு வரைவு எழுதியவன். தணிக்கைக்காரர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் என் வரைவில் ஓட்டை கண்டதில்லை. ஏழாவது பிரிவு இப்படி: ‘ஆட்டக்காரர் எக்காரணத்தாலும் தொடர்ந்து இரண்டு ஆட்டங்களில் களமிறங்காத நிலை ஏற்படின், இவ்வொப்பந்தம் எவ்வித அறிவிப்புமின்றித் தானாகவே முடிவுக்கு வரும்.’ அவனுக்கு முட்டி வலித்தாலும் முடிவுக்கு வரும். முட்டி நன்றாக இருந்து நாங்களே இரண்டு ஆட்டம் உட்கார வைத்தாலும் முடிவுக்கு வரும். அதை நான் தெரிந்தேதான் எழுதினேன். பாய் வாசித்துப் பார்த்து, “இதுல எலி போகாது ஓய்” என்றார். அன்று எனக்கு அது பாராட்டாகத்தான் இருந்தது.

தட்டச்சு செய்த கம்ப்யூட்டர் சென்டருக்கே அவன் வந்துவிட்டான். பக்கங்களைப் புரட்டினான். வாசிக்கவில்லை, எடை பார்த்தான்.

“சார், இதுல வில்லங்கம் ஒண்ணும் இல்லைல்லா?”

“எல்லா ஒப்பந்தத்திலயும் இருக்கிறதுதான்ப்பா” என்றேன்.

கையெழுத்துப் போடக் குறித்த நாளில் தலைவர் கோயம்புத்தூர் போய்விட்டார். அடுத்த தடவை ஆடி பிறந்துவிட்டது. ஆடி கழிந்தபின் சம்பந்தி வீட்டு விசேஷம். மூன்று தடவையும் அவன் சேத்தூரிலிருந்து வெளுத்த சட்டையும் பாக்கெட்டில் புதுப் பேனாவுமாக வந்து, பேண்டேஜ் பொட்டலத்தின் மேல் உட்கார்ந்து காத்திருந்தான். ஏழாவது பிரிவுகூடத் தேவைப்படவில்லை. மூன்றாம் தடவை எழுந்திருக்கும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டே எழுந்தான்.

“சார், இந்தக் காப்பிய நான் வச்சுக்கிடட்டா?”

“தாராளமா” என்றேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் அணிக்காரர்கள் எங்களிடமிருந்து எதையாவது பிடுங்க வேண்டுமென்று பல வருடமாகக் காத்திருந்தார்கள். அவனை வரவேற்று, மாலை போட்டு, பஸ் நிலையத்துக்கு எதிரில் ஆள் உயர பிளெக்ஸ் வைத்தார்கள். மூன்று வருட ஒப்பந்தமும் போட்டார்கள். புதிதாக எழுத மெனக்கெடவில்லை. அவன் கொண்டுபோன என் வரைவில் ஊர்ப் பெயரையும் கழகத்தின் பெயரையும் மாற்றிக்கொண்டார்கள். மற்றதெல்லாம் அப்படியே.

அவன் வேலை பார்த்த நூற்பாலையில் சும்மா விடவில்லை. நம்மூர் டீமுக்கு ஆடாதவன் ஷிப்டுக்கு வரட்டும் என்றார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் தினமும் காலைப் பயிற்சி. இரண்டும் ஒத்துவராது. ஒருநாள் காலை ராஜினாமாக் கடிதத்தை எழுதி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான்.

“ஒரு தடவ பாத்துக் குடுங்க சார். மூணு வருசத்துக்குக் கவலை இல்ல. அதுக்குள்ள வீட்டு முன்னால ஒரு கடை கிடை போட்டுருவேன்.”

எனக்கு ஏழாவது பிரிவு மனப்பாடமாகத் தெரியும். அதை அவர்கள் தொடவில்லை என்பதும் தெரியும். அங்கே மாற்றி எழுதத் தெரிந்தவர் யாருமில்லை. ‘வேலையை விடாதே, நீண்ட விடுப்புக் கேள், இல்லையென்றால் ஷிப்டுக்குப் போ’ என்று சொல்ல அரை நிமிடம் ஆகும். ஆனால் அவன் இப்போது எதிர் அணிக்காரன். நான் எங்கள் அணியின் செயலாளர். கேட்காத கருத்தைக் கோப்பில் எழுதக் கூடாது என்பதும் எங்கள் பயிற்சியில் உண்டு. கடிதத்தில் தேதி விட்டுப்போயிருந்தது. அதைச் சுட்டிக்காட்டி எழுதச் சொன்னேன். எழுதினான். நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

அந்த வருடப் போட்டி ஸ்ரீவில்லிபுத்தூரில். முதல் ஆட்டத்தில் அவனை இறக்கினார்கள். முதல் செட்டில் பழையபடி அடித்தான் என்று பாய் வந்து சொன்னார். மூன்றாவது செட்டில் எழும்பவில்லை, கையை மட்டும் தூக்கினான் என்றும் சொன்னார். அடுத்த இரண்டு ஆட்டமும் சின்ன அணிகளோடு. “நீங்க ரெஸ்ட் எடுங்கண்ணே, ராஜபாளையத்துக்கு எதிரா இறக்குவோம்” என்று நாற்காலி போட்டு இளநீர் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தார்கள். தன்னைப் பெரிய ஆட்டத்துக்காகப் பொத்தி வைத்திருக்கிறார்கள் என்று அவனும் மகிழ்ச்சியாகவே உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் அந்தக் கழகத்துச் செயலாளர் சேத்தூருக்கே போனார். அரைக் கிலோ பால்கோவாவும் ஒரு கடிதமும் கொடுத்தார். காப்பி குடித்து, பிள்ளைகளின் படிப்பை விசாரித்து, கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் திரும்பினார். அவர்களும் நம்ம பக்கத்து ஆட்கள்தானே.

கடிதத்தோடு அவன் என்னிடம் வந்தான். இந்தத் தடவை உட்காரவில்லை.

“நான் ரெடியாத்தான் சார் இருந்தேன். அவியதான் ஒக்காரச் சொன்னாவ. இப்ப நான் ஆடலைன்னு எழுதிருக்காவ.”

வாங்கிப் பார்த்தேன். என் வாக்கியத்தை எனக்கே மேற்கோள் காட்டியிருந்தார்கள்.

“நீங்க எழுதுனதுதான சார். ஒங்களுக்குத் தெரியாததா? இதுல எங்கயாச்சும் ஒரு வழி இருக்கும்லா?”

மூன்று முறை வாசித்தேன், அவனுக்காக. வழி இருந்தால் அதை எழுதியபோதே அடைத்திருப்பேன். “இல்லப்பா” என்றேன். என் நினைவில், எங்கள் ஊரில் ஒருவர் முகத்துக்கு நேரே நான் ‘இல்லை’ சொன்னது அந்த ஒரு தடவைதான். இருந்தாலும் ஒரு முறையீடு எழுதிக் கொடுத்தேன். பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு. அட்டை ஒழுங்காகக் கையெழுத்தாகித் திரும்பி வந்தது. வேறெதுவும் வரவில்லை. நூற்பாலையில் போய்க் கேட்டான். பதவி விலகியவரை மீண்டும் சேர்க்க விதியில் இடமில்லை என்றார்கள். விதியைப் பொறுத்தவரை அது சரி.

கோப்பையை நாங்கள் ஜெயித்தோம். அவன் இடத்துக்கு நாங்கள் எடுத்த செட்டியார்பட்டிப் பக்கத்து நான்கு பேரும் பிரமாதமாக ஆடினார்கள். எண்களிட்டு நான் சொன்னது சரியென்று நிரூபணமாயிற்று. கிடங்கில் எனக்கும் ஒரு பொன்னாடை போட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்துத் தலைவர் கூப்பிட்டார். அவனைத் தன் ஆலையில் வாசல் காவலுக்கு எடுக்கப்போவதாகச் சொன்னார். “பாவம், நமக்கு ஆடுனவன். ஒரு ஆர்டர் எழுதிக் குடுங்க சார்.” வேலை நேரம், விடுமுறை, சீருடை என்று ஆறு பிரிவுகள் எழுதினேன். ஆறோடு நிறுத்தினேன்.

கையெழுத்துப் போடும் நாளில் போனபோது தட்டச்சு செய்த உத்தரவு மேசையில் இருந்தது. அதில் ஏழு பிரிவுகள்.

“நீங்க முந்தி ஒண்ணு போட்டிருந்தீகள்லா, அத விட்டுட்டீக” என்றார் தலைவர். “கம்ப்யூட்டர் சென்டர்ப் பொண்ணு அப்படியே வச்சிருந்தா. ஆட்டங்கிறத வேலை நாளுன்னு மாத்தச் சொன்னேன். நல்லா இருக்குல்ல?”

நான் எழுதியதுதான். நல்லாத்தான் இருந்தது. எந்த ஆறு வார்த்தைகளை எடுத்தால் அது செத்துப்போகும் என்றும் எனக்குத் தெரியும். “மொதலாளி, காவல்காரனுக்கு இது எதுக்கு?” என்று கேட்டேன். “இருந்துட்டுப் போகட்டும் சார்” என்றார்.

அவன் வந்தான். வலது முட்டியில் அந்த ஆலையின் பேண்டேஜே சுற்றியிருந்தது. காகிதத்தை வாங்கி, துணிப் பொட்டலத்தின் மேல் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து விரல் வைத்து வாசித்தான். ஏழாவது பிரிவில் விரல் நின்றது. மறுபடி அதன் முதல் சொல்லுக்குப் போய், கடைசிச் சொல் வரை வந்தது. அவன் தலையைத் தூக்குவான், என்னைக் கேட்பான் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. தலைவரிடம் பேனா கேட்டு வாங்கி, இடது கையால் கையெழுத்துப் போட்டுவிட்டு, எந்த ஷிப்டு என்று அவரிடம் விசாரித்தான்.