பழைய பாவின் நுனிகள்

தெருவில் எல்லோருக்கும் அவள் பிணைப்புக்காரி. தறியில் நீளவாட்டில் ஓடும் நூல்வரிசையான பாவு ஒன்று நெய்து முடிந்ததும் அதன் நுனிகளை, இழைகள் நுழைந்து வரும் சீப்பு போன்ற அச்சிலேயே விட்டுவைத்து, விரலில் சாம்பல் தொட்டு, புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அவற்றோடு முறுக்கிச் சேர்ப்பது அவள் தொழில். பிறகு இழுத்தால் பழையது புதியதைக் கைப்பிடித்து அச்சுக்குள் அழைத்து வந்துவிடும். பழையதை வெட்டிவிட்டால் எல்லா இழைகளையும் மறுபடி கோக்க வேண்டும். அதுவரை தறி வாய்மூடிக் கிடக்கும்.

மகள் ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் நெட்வொர்க் பொறியாளர். பழைய இணைப்புகளை மொத்தமாகத் துண்டித்துவிட்டுப் புதியதற்கு மாறுவது என்று மேலதிகாரி முடிவெடுத்திருந்தார். கொஞ்ச நேரம்தானே என்றார். அந்தக் கொஞ்ச நேரத்தில் யார் அழைத்தாலும் மணி அடிக்காது. அம்மாவுக்கு இதயம் பலவீனம்.

"அந்த நேரத்துல உனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"எமன்கிட்ட சொல்லிவைக்கிறேன், லைன் வந்தப்புறம் வாடான்னு. போடி, நூல் மேல நிக்காத."

பேசும்போதும் விரல்கள் ஓயவில்லை. மகள் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் மேலதிகாரியிடம் போனாள். "எங்கம்மா தறியில இழை சேர்க்கிற மாதிரி ஒவ்வொரு லைனா மாத்தலாம் சார். புதுசு வேலை செய்யுதுன்னு தெரிஞ்சப்புறம் பழசை எடுக்கலாம்."

"இது என்ன உங்க வீட்டுத் தறியா? இழுத்துக்கிட்டே கிடக்கும்."

"இழுக்கட்டும் சார். நிக்காது."

"சொதப்புச்சுன்னா உன் தலைதான்."

வேலை பாதியில் இருந்தபோது பழைய கம்பி ஒன்றைக் கழற்றக் கை வைத்தாள். அதன் விளக்கு மினுக்கியது. யாரோ அழைக்கிறார்கள். சூடு பட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டாள். அடுத்த மேஜையில் அழைப்பை எடுத்தவர் விலாசத்தைத் திருப்பிச் சொன்னார்.

அவள் வளர்ந்த தெரு. அவள் வளர்ந்த வீடு.

வண்டி சுணங்காமல் போய்ச் சேர்ந்தது. லைன் கடைசிவரை அறுபடவில்லை. அம்மாவின் உயிர்தான் நிற்கவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் கலைந்த பிறகு, அம்மா கடைசியாக இழை சேர்த்துக்கொண்டிருந்த தறியில் நெய்கிற சித்தி கத்தரிக்கோலோடு வந்து நின்றாள். பாதி இழைகள் சேர்ந்திருந்தன. மீதி தொங்கின.

"அக்காவே போயிட்டா. இனி யாரு சேர்க்கிறது? வெட்டிட்டுப் புதுசாக் கோத்துக்கறேன்."

"வெட்டாத சித்தி."

"கம்ப்யூட்டர் தட்டுற கை. உனக்கு வருமா?"

"மெதுவா வரும்."

அம்மா விட்ட இடத்துக்கு அடுத்த இழையை எடுத்தாள். நழுவியது. சாம்பல் தொட்டு மறுபடி முறுக்கினாள். மெல்ல இழுத்துப் பார்த்தாள். பிடித்துக்கொண்டது.

சித்தி கத்தரிக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். அடுத்த நுனியைப் பிரித்து நீட்டினாள்.